புதுக் குதிரை வாங்கியாச்சு... உடனே ஏறலாமா?

மாணிக்கவாசகர் கதை ஞாபகம் இருக்கிறதா? பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் கோயில் பணிக்குச் செலவழித்துவிட, ஈசன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார் என்கிறது திருவிளையாடல் கதை. பகலில் லாயத்தில் அம்சமாக நின்றவை, ராத்திரியானதும் மறுபடி நரிகளாகி ஊளையிட்டன.

புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் பலர் சொல்லும் புகாரும் ஏறக்குறைய இதேதான். "விற்றவர் இடத்துல பார்த்தப்போ பூனைக்குட்டி மாதிரி நின்னுச்சு. இங்க வந்த நாலாவது நாள் கடிக்குது, உதைக்குது, கிட்டயே விட மாட்டேங்குது!" உடனே 'ஏமாத்திட்டாங்க' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. குதிரையின் சாப்பாடு, தூக்கம், கூட்டாளி, பழகிய ஆள் என எல்லாமே ஒரே நாளில் மாறிவிட்டன. அது சமாளித்து நிற்பதற்குள் நாம் மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறோம்.

வார இறுதியில் குதிரையேற்ற வகுப்புக்குப் போய், ஆர்வம் முற்றி, 'சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்' என்று இறங்குபவர்களை சென்னை ஈ.சி.ஆர். பக்கமும் கோவையிலும் பெங்களூரு புறநகரிலும் பார்க்க முடிகிறது. அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட். இன்னொன்று, ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் குதிரைச் சந்தையிலோ வடமாநிலத் தரகர் மூலமோ வாங்கும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள்.

இரண்டுக்குமே நமக்குத் தெரியாத ஒரு முன்கதை உண்டு. பந்தயக் குதிரைக்கு விடியற்காலையில் கூட்டத்தோடு ஓடி, மீதி நேரம் லாயத்தில் நின்றுதான் பழக்கம். ஜாக்கியைப் பக்கத்திலிருந்து ஒருவர் காலைத் தாங்கித் தூக்கி ஏற்றிவிடுவார். நின்ற இடத்தில் அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொள்ள அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் 'நில்' என்று நீங்கள் நினைப்பீர்கள். 'சாய்ந்துகொண்டு வேகமாக ஓடு' என்று அது புரிந்துகொள்ளக்கூடும். சந்தைக் குதிரை மேளச் சத்தத்துக்கு நாட்டியம் ஆடப் பழக்கப்பட்டதாக இருக்கலாம். சவாரியே தெரியாமலும் இருக்கலாம்.

அந்த அமைதி எங்கே போச்சு?

முதலில் கசப்பான பதிலைப் பார்த்துவிடலாம். விற்பனைக்கு முன்னால் மயக்க ஊசி போட்டு குதிரையைச் சாந்தமாக்குவது உலகம் முழுக்க இருக்கும் பழைய தந்திரம். வலி மருந்து கொடுத்து நொண்டுவதை மறைப்பது இன்னொன்று. இரண்டுமே சில நாளில் உடம்பை விட்டு இறங்கிவிடும். வாங்கும் அன்றே கால்நடை மருத்துவரை வைத்து ரத்த மாதிரி எடுத்து வைத்தால் பின்னால் கைகொடுக்கும். நம் ஊரில் சுழி பார்க்க மட்டும் தவறாமல் நிபுணரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை, அதில் சண்டை இல்லை. ஆனால் நுரையீரலையும் குளம்பையும் பார்க்க ஆள் கூட்டிப் போகாமல் சுழிக்கு மட்டும் கூட்டிப் போவதை என்னவென்று சொல்வது!

மருந்து எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குதிரை மாறித்தான் தெரியும். அது கூட்டமாக வாழும், ஓடித் தப்பிக்கும் பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பழைய இடத்தில் எந்தச் சத்தம் எங்கிருந்து வரும், எந்த வாளியில் தண்ணீர், யார் கையில் தீவனம் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. புது இடத்தில் காற்றில் ஆடும் ஒரு பிளாஸ்டிக் பையும் புலிதான். முதல் இரண்டு நாள் சில குதிரைகள் மிரண்டு ஓடாமல் அப்படியே உறைந்துபோய் நிற்கும். அதைப் பார்த்து 'நல்லா பழகிடுச்சு' என்று நினைப்பதுதான் ஆபத்து. பயம் கொஞ்சம் தெளிந்து வாய் திறந்து 'பேச' ஆரம்பிக்கும் நாள்தான் அந்த நாலாவது நாள்.

வயிறுதான் முதல் எதிரி

புதுக் குதிரை விஷயத்தில் எல்லோரும் கீழே விழுவதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். குதிரையின் பக்கமிருந்து பார்த்தால் உயிருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வயிற்றில்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பு அவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரைப்பை ரொம்பச் சின்னது. 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஏனென்றால், ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காக உருவான உடம்பு அது. புல்லின் நாரைச் செரிக்க வைப்பது பின்குடலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். பழைய இடத்தில் தின்ற தீவனத்துக்குப் பழகிய கூட்டம் அது. ஒரே நாளில் தீவனத்தை மாற்றினால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி செத்துப்போகும். குடலில் வாயு, அமிலம், நச்சு என்று வரிசையாகத் தொல்லை வரும். குதிரைக்காரர்கள் 'கோலிக்' என்று சொல்லும் வயிற்றுவலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். மோசமானால் ஒரே ராத்திரியில் உயிர் போய்விடும். தப்பித்தாலும் குளம்புக்குள் வீக்கம் வந்து நிரந்தரமாக நொண்டியாகும் அபாயம் உண்டு.

அதனால் குதிரையோடு சேர்த்து, அது இவ்வளவு நாளும் தின்ற தீவனத்தையும் பத்து நாளுக்கு மூட்டை கட்டி வாங்கி வருவது நல்லது. என்ன தீவனம், எத்தனை வேளை, எந்த நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு பழையதைக் குறைத்து கால் பங்கு புதியதைச் சேர்க்க வேண்டும். முழுதாக மாற ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். இந்த நாட்களில் வேலை செய்யாத குதிரைக்குத் தானியம் அதிகம் தேவையில்லை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல் என்பது அடிப்படைக் கணக்கு. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது இன்னும் நிறைய வேண்டும்.

'வந்த குதிரைக்கு விருந்து' என்று கொள்ளை வேகவைத்து, வெல்லமும் தவிடும் கலந்து முதல் நாளே ஒரு அண்டா வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாசம் புரிகிறது. ஆனால் அந்த அண்டாதான் முதல் அடி. அதேபோல மாட்டுக்காகப் போட்டிருக்கும் கோ-4 நேப்பியர் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போடுவதும் சரிவராது. அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. பாஸ்பரஸ் நிறைந்த தவிடும் அதோடு சேர்ந்தால் எலும்பு பலவீனமாகி முக எலும்பே வீங்கிவிடும். வேறு புல்லும் கலந்து கொடுக்க வேண்டும்.

ஈ.சி.ஆர். பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: மணல் தரையில் தீவனத்தைக் கொட்டினால் புல்லோடு மணலும் உள்ளே போகும். அது குடலில் படிந்தும் வயிற்றுவலி வரும். தொட்டியிலோ ரப்பர் விரிப்பின் மேலோ போடுங்கள்.

தண்ணீரும் கவனிக்க வேண்டிய விஷயம்தான். சும்மா நிற்கும் குதிரையே நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். நம் வெயிலில் அது இரட்டிப்பாகும். ஆனால் புது ஊர்த் தண்ணீரின் ருசி பிடிக்காமல் குடிக்காமலே நிற்கும் குதிரைகளும் உண்டு. பழைய வாளியைக் கொண்டு வந்தால் கொஞ்சம் உதவும். தானாக நிரம்பும் தொட்டியில் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. முதல் வாரம் வாளிதான் நல்லது.

சாணத்தை எண்ணுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒரு நாளில் 8 முதல் 12 தடவை போடுவது சாதாரணம். எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலோ, குதிரை தரையைக் காலால் பறித்தாலோ, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ அது வயிற்றுவலி. மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் இன்றைய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமான குதிரைகளைக் கடல் வழியாக வரவழைக்கிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். குதிரையை எப்படிப் பராமரிப்பது என்று தெரியாததும், வைத்தியம் பார்க்கவும் லாடம் கட்டவும் ஆள் இல்லாததும்தான் காரணம் என்கிறார் அவர். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீவனமாகக் கொடுத்ததையும் குறிப்பிடுகிறார். வெளிநாட்டுப் பயணி கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் கப்பல் கப்பலாகப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் வந்த இடத்தில் பழக முடியாமல் செத்தன என்பது நம்பக்கூடிய செய்திதான்.

லாரியில் வந்த காய்ச்சல்

ராஜஸ்தானிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ குதிரை இங்கு வந்து சேரப் பல நாள் ஆகும். லாரியில் தலையை உயர்த்திக் கட்டிவிடுவார்கள். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயிலுள்ள சளியையும் தூசியையும் வெளியேற்றும். அது முடியாதபோது கிருமி நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம். பயணம் முடிந்து ஓரிரு நாள் கழித்தும் காய்ச்சல் தலைகாட்டும். முதல் ஒரு வாரம் காலை, மாலை இரு வேளையும் வெப்பநிலை பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணம். அதற்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் பேசுங்கள். ஓய்வில் இருக்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உங்கள் குதிரைக்கு எது வழக்கம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், ஒரு நாள் மாறும்போது சட்டென்று தெரியும்.

ஏற்கெனவே குதிரைகள் இருக்கும் லாயமென்றால் புதியதைக் குறைந்தது மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். தொண்டைக் கட்டியை உண்டாக்கும் 'ஸ்டிராங்கிள்ஸ்' என்ற தொற்று, ஒட்டிய 3 முதல் 14 நாளுக்குள் வெளியே தெரியும். மூக்கோடு மூக்கு உரசுவதாலும் ஒரே வாளியாலும் பரவும். அதைவிடப் பயங்கரம் 'கிளாண்டர்ஸ்'. மனிதருக்கும் தொற்றும், குதிரைக்குச் சிகிச்சை கிடையாது, உறுதியானால் சட்டப்படி கருணைக்கொலைதான். ரத்த மாதிரியை ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் பரிசோதிக்கிறது. வாங்குவதற்கு முன்பே இந்தச் சான்றிதழைக் கேளுங்கள். தயங்குகிற வியாபாரியிடம் பேரம் பேசவே வேண்டாம்.

தனியே வைப்பது என்றால் கண்ணுக்கே தெரியாமல் ஒதுக்குவது இல்லை. தனிமை குதிரைக்குத் தண்டனை. மற்ற குதிரைகள் கண்ணில் படும் தூரத்தில், ஆனால் மூக்கு எட்டாத இடைவெளியில் கட்டலாம். வேறு குதிரையே இல்லை என்றால் துணைக்கு ஒரு ஆட்டைக் கட்டுவது பந்தய லாயங்களில் உள்ள பழைய வழக்கம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் பல குதிரைகளிடம் வேலை செய்கிறது.

படுத்தால்தான் தூக்கம்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. லேசான தூக்கத்துக்கு நின்றால் போதும். கனவு வரும் ஆழ்ந்த தூக்கம் தினமும் அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது வேண்டும். அதற்குப் படுத்தே ஆக வேண்டும். பாதுகாப்பு என்று மனசுக்குப் படாத இடத்தில் குதிரை படுக்காது. பல நாள் இப்படிப் போனால் நின்றபடியே கண் சொருகி, முன்னங்கால் மடங்கித் தடுமாறும். அப்படிப்பட்ட குதிரைமேல் ஏறுவது, மூன்று ராத்திரி தூங்காத டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. காலையில் உடம்பின் பக்கவாட்டில் வைக்கோலோ மரத்தூளோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் நல்ல செய்தி.

வெயிலுக்குப் பழகவும் இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். புழுக்கமான ஊருக்கு வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வெப்பமண்டல நாடுகளுக்குக் கொண்டுபோன பந்தய, போலோ குதிரைகளிடம் கவனிக்கப்பட்ட கோளாறு இது. வெயிலில் மற்றக் குதிரைகள் நனைந்திருக்க, உங்களுடையது மட்டும் காய்ந்த தோலோடு மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேரட்டைவிட விரல் நல்லது

முதல் நாட்களில் உங்கள் வேலை என்ன? பெரும்பாலும் சும்மா பக்கத்தில் இருப்பதுதான். தினம் ஒரே நேரத்தில், ஒரே ஆள் தீவனம் போடட்டும். சொந்தக்காரர், நண்பர், அபார்ட்மெண்ட் குழந்தைகள் எல்லோரும் செல்ஃபி எடுக்க வரிசைகட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

கழுத்தில் பட் பட்டென்று தட்டிக்கொடுப்பதை நாம் அன்பு என்று நினைக்கிறோம். குதிரைகள் ஒன்றுக்கொன்று அப்படிச் செய்வதில்லை. பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டைப் பல்லால் சொறிந்துவிடும். அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை 1993-இல் பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. மேல் உதடு நீண்டு நடுங்கினால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

உங்கள் பயமும் அதற்குத் தெரியும். 2009-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஒரே பாதையில் நான்கு முறை குதிரையோடு போகச் சொன்னார்கள். நான்காவது முறை போகும்போது குடை ஒன்றைச் சட்டென்று விரிப்போம் என்று மனிதர்களிடம் மட்டும் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனால் மனிதர்களின் இதயத்துடிப்போடு சேர்ந்து குதிரைகளின் துடிப்பும் ஏறியது. ஆபீஸ் டென்ஷனோடு லாயத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இரண்டு வாரமும் குதிரையைக் கட்டியே போட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தினமும் ஓடிய பந்தயக் குதிரையை லாயத்தில் பூட்டி வைத்தால் அதுவே இன்னொரு கொடுமை. பூட்டிய சக்தியெல்லாம் நீங்கள் ஏறும் நாளில் வெடிக்கும். இரண்டாம் நாளிலிருந்தே முகக்கயிறு போட்டு வளாகத்தைச் சுற்றி நடத்திக் காட்டலாம். வேலி, தண்ணீர்த்தொட்டி, பைக் நிறுத்தும் இடம், நாய் எல்லாவற்றையும் பார்க்கட்டும். நீங்கள் நின்றால் அதுவும் நிற்கிறதா, பின்னால் போகச் சொன்னால் போகிறதா? தரையில் கேட்காத குதிரை, மேலே ஏறினால் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சில பயிற்சியாளர்கள், நன்றாகச் சவாரிக்குப் பழகிய குதிரையை மூன்றாம் நாளே ஏறிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. முதல் குதிரை வாங்கியவர் அதைக் காப்பியடிக்க வேண்டியதில்லை.

வாயைத் திறக்காததன் காரணம்

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்' என்று குதிரையைக் கேலி செய்யும் பழமொழி நம்மிடம் இருக்கிறது. குதிரைக்கும் ஒரு நியாயம் உண்டு. அதன் பற்கள் வாழ்நாளின் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும். தேயும்போது ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் 'ஓநாய்ப் பல்' என்ற சின்னப் பல்லில் கடிவாள இரும்பு இடித்தால் வலிக்கும். நாட்டியம் பழக்கிய சில குதிரைகளின் நாக்கிலும் உதட்டோரத்திலும் முள் கடிவாளத்தின் தழும்புகள் இருக்கும். முள் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டு விதிகளின்படியே தடை செய்யப்பட்டது. இன்றும் சந்தையில் தொங்குகிறது என்பது வேறு கதை. எனவே காத்திருக்கும் நாட்களிலேயே மருத்துவரிடம் பல்லைக் காட்டி ராவிவிடுங்கள், டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், குடற்புழுவுக்குச் சாணத்தைப் பரிசோதியுங்கள், லாடம் அடிப்பவரை வரவழைத்துக் குளம்பைக் காட்டுங்கள்.

சேணமும் முக்கியம். தரோபிரெட்டின் முதுகு மேடு உயர்ந்திருக்கும். மார்வாரிக்குத் தைத்த சேணம் அதன்மேல் அழுத்தும். சேணத்தை வைத்து, நடுவில் முதுகெலும்புக்கு மேல் வெளிச்சம் தெரிகிறதா, முன்பக்கம் இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். வலியால் துள்ளும் குதிரையைத்தான் பல நேரம் 'முரட்டுக் குதிரை' என்கிறோம்.

சரி, எப்போ ஏறலாம்?

நாள் கணக்காகச் சொன்னால், முதல் குதிரைக்காரருக்கு இரண்டு முதல் நான்கு வாரம். ஆனால் காலண்டரைவிடக் குதிரையைப் பார்ப்பது நல்லது. தீவனம் முழுதாக மாறி, சாணம் ஒழுங்காக இருக்க வேண்டும். ராத்திரி படுத்துத் தூங்க வேண்டும். நீங்கள் வந்தால் ஒதுங்காமல் காதை முன்னால் திருப்ப வேண்டும். சேணத்தை வைத்தால் பல்லைக் காட்டாமல் நிற்க வேண்டும். இவை நான்கும் இருந்தால், சேணத்தோடு சில நாள் கையில் பிடித்து நடத்துங்கள். நீண்ட கயிற்றில் வட்டமாக நடக்கவும் மெதுவாக ஓடவும் விட்டுப் பாருங்கள்.

முதல் சவாரியை வேலி போட்ட இடத்தில், வெயில் ஏறுவதற்கு முன், பழகிய ஒருவர் தரையில் நிற்க, ஹெல்மெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். முக்காலி பக்கத்தில் குதிரையை நிறுத்தி, ஒரு காலை வளையத்தில் வைத்து, எடையைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அசையாமல் நின்றால் ஏறுங்கள். பதினைந்து இருபது நிமிட நடை போதும். 'நல்லாத்தானே போகுது, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம்' என்று தோன்றும்போது இறங்கிவிடுங்கள். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது. மறுநாள் காலை முதுகில் விரலை ஓட்டிப் பாருங்கள். நெளிந்தால் அன்றைக்குச் சவாரி இல்லை.